பழைய ஷேர்வேர் சிடி தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஷேர்வேர் (முயன்று பார்க்கக் கொடுத்து, பிடித்தால் ஆசிரியருக்குப் பணம் அனுப்பச் சொன்ன மென்பொருள்) தொகுப்பு சிடி ஒன்று திறக்காவிட்டால் பலரும் முதலில் சொல்வது, "சிடி போய்விட்டது" என்பதுதான். அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அந்தச் சிடியில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குகள் இருக்கின்றன. வெளியே பிளாஸ்டிக் தட்டு. அதன்மேல் எழுதப்பட்ட கோப்பு முறைமை. அதற்குள் ஆயிரக்கணக்கான ஜிப் தொகுப்புகள், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதிகள். ஒவ்வொரு ஜிப்புக்குள்ளும் ஒரு நிரல். நிரலோடு ஒட்டிக்கொண்டு அதன் ஆசிரியர் விதித்த நிபந்தனைகள். எந்த அடுக்கில் கோளாறு என்று தெரியாமல் கை வைத்தால் சிடியைத் தேய்த்துத் தேய்த்து இருக்கிற தகவலையும் கெடுத்துவிடுவோம். ஆகவே கீழே உள்ளவற்றை வெளியடுக்கிலிருந்து உள்ளடுக்கு நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

எந்த அறிகுறியானாலும் ஒரு வேலையை முதலில் முடித்துவிடுங்கள்: சிடி படிக்கும் நிலையில் இருக்கும்போதே அதை முழு வட்டுப் படிமமாக, அதாவது வட்டில் உள்ள தகவல் அத்தனையும் அடங்கிய ஒரே கோப்பாக, எடுத்து வையுங்கள். பிறகு செய்யும் சோதனைகள் எல்லாம் அந்தப் படிமத்தின் மேல்தான். அசல் சிடி உறைக்குள் போய்விட வேண்டும்.

சுழல்கிறது, சுழல்கிறது, ஒன்றும் வரவில்லை

முதலில் வேறொரு நல்ல சிடியை அதே டிரைவில் போட்டுப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் டிரைவின் லென்ஸில் தூசு படிந்திருக்கலாம், அல்லது லேசர் சோர்ந்திருக்கலாம், சிடியை விட்டுவிடுங்கள். நல்ல சிடி வருகிறது, ஷேர்வேர் சிடி மட்டும் வரவில்லை என்றால் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டைகள் வழியாக ஒளி தெரிந்தால் உலோகப் படலம் அரித்திருக்கிறது. அந்த இடத்துத் தகவல் திரும்பாது.

கீறல் கீழ்ப்பக்கத்தில் இருந்தால் நம்பிக்கை உண்டு. சிடியின் மொத்தக் கனம் 1.2 மில்லிமீட்டர், அதில் ஏறக்குறைய முழுவதும் கீழே இருக்கும் பாலிகார்பனேட்தான். லேசர் அதைத் தாண்டிப் போய்த்தான் தகவலைப் படிக்கிறது. தகவல் அடுக்கு இருப்பதோ லேபிளுக்கு அடியில், ஒரு மெல்லிய அரக்குப் பூச்சின் காவலில். அதனால் லேபிள் பக்கக் கீறல்தான் ஆபத்தானது. எல்லோரும் கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்துவிட்டு, லேபிள் மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எண் எழுதுவார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

துடைப்பதானால் மென்மையான துணியால், மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிதாக விழும் கீறல் தடத்தோடு ஒட்டியே நீளும். அடுத்தடுத்த பல பிட்டுகளை ஒரேயடியாக இழந்தால் சிடியின் பிழைதிருத்த முறை திணறிவிடும். தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலை அது பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். மைய வளையத்தில் விரிசல் கண்டால் அந்தச் சிடியை அதிவேக டிரைவில் போடவே போடாதீர்கள். உள்ளேயே சிதறினால் டிரைவும் போகும்.

பாதி படித்துப் பாதியில் நிற்கும் சிடிக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவியை விட நல்லது எனக்குத் தெரியாது. சாதாரணப் பிரதியெடுக்கும் கட்டளை முதல் மோசமான இடத்திலேயே மல்லுக்கட்டி நிற்கும். இது அப்படிச் செய்யாது. தொகுதி அளவை 2048 பைட் என்று கொடுங்கள். தகவல் சிடியின் ஒரு பிரிவில் (செக்டர்) பயனர் தகவல் அவ்வளவுதான். முதல் சுற்றில், சிக்கலான இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். எளிதாக வருவதெல்லாம் வந்து சேரும். எது வந்தது, எது விடுபட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் அது குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து, விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்று.

அதற்குப் பிறகும் ஓட்டைகள் இருந்தால் சிடியை வேறொரு கம்பெனி டிரைவுக்கு மாற்றி, அதே வரைபடக் கோப்போடு தொடருங்கள். ஒரு டிரைவ் திணறும் பிரிவை இன்னொன்று சர்வசாதாரணமாகப் படித்துவிடும். இரண்டு டிரைவும் படித்தவை ஒரே படிமத்தில் ஒன்றுசேரும். பழைய, வேகம் குறைந்த டிரைவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கடைசிவரை வராத பிரிவுகள் படிமத்தில் வெறும் பூஜ்ஜியங்களாக நிற்கும். பயப்பட வேண்டாம். தொகுப்பு சிடியில் ஒரு பிரிவு போனால் ஒரு ஜிப் போகும், மற்றவை பிழைத்திருக்கும். எந்த ஜிப் போனது என்று அறிய, எல்லா ஜிப்களையும் சோதனைக் கட்டளையில் ஓட்டினால் போதும். ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் ஜிப்புக்குள்ளேயே இருப்பதால் பழுதானது தானே அகப்பட்டுவிடும்.

சிடி காலி என்கிறது, அல்லது அடையாளம் தெரியாத வடிவம் என்கிறது

படிமத்தை ஹெக்ஸ் காட்டும் (பைட்டுகளை எண்களாகக் காட்டும்) கருவி ஒன்றில் திறந்து 32,768-ஆம் பைட்டுக்குப் போங்கள். அதாவது பதினாறாவது பிரிவின் தொடக்கம். அதற்கு அடுத்த பைட்டிலிருந்து "சிடி001" என்று ஆங்கில எழுத்தில் ஐந்து குறிகள் தெரிந்தால் அது ஐஎஸ்ஓ 9660 முறையில் எழுதப்பட்ட சிடி. 1988-இல் வந்த தரம் அது. அதற்கு முந்தைய ஹை சியரா முறையில் எழுதிய சிடிகளில் எட்டு பைட்டுகள் தள்ளி "சிடிராம்" என்றிருக்கும். அவற்றை இன்றும் லினக்ஸ் படிக்கும். மற்ற கணினிகளில் கைவிரிப்பு வந்தால் லினக்ஸில் திறந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே இல்லாவிட்டால் அது மேக் கணினிக்கான எச்எஃப்எஸ் சிடியாக இருக்கக்கூடும். வேடிக்கை என்னவென்றால் இன்றைய மேக்கும் அதைப் படிக்காது. பழைய எச்எஃப்எஸ் ஆதரவை கேட்டலினா பதிப்போடு ஆப்பிள் நீக்கிவிட்டது. இதற்கும் லினக்ஸ் அல்லது மேக் எமுலேட்டர் (பழைய மேக்கைப் போல நடிக்கும் நிரல்)தான் வழி. ஒரே சிடியில் இரண்டு முறையும் கலந்திருப்பதும் உண்டு. விண்டோஸில் பார்த்தால் பாதிச் சரக்குதான் தெரியும். சிடியின் அளவு 600 மெகாபைட், கண்ணில் படும் கோப்புகளின் கூட்டுத்தொகை 250 என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

சிடி திறக்கிறது, விளையாட்டும் ஓடுகிறது, ஆனால் இசை மட்டும் இல்லை என்றால் படிமம் எடுத்த விதத்தில் கோளாறு. இசை தனி ஆடியோ தடங்களாக இருந்திருக்கும். ஐஎஸ்ஓ படிமத்தில் தகவல் தடம் மட்டுமே ஏறும். 'பின்' (.bin), 'க்யூ' (.cue) என்ற இரட்டைக் கோப்பாகத் திரும்ப எடுங்கள்.

கோப்புப் பெயர்கள் விநோதமாக இருக்கின்றன

பெயரின் வாலில் அரைப்புள்ளியும் 1-ம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பதிப்பு எண். ஐஎஸ்ஓ 9660 முறையில் அது இயல்புதான். எல்லாப் பெயரும் எட்டெழுத்தும் மூன்றெழுத்துமாகக் குறுகியிருப்பதும் பழுது கிடையாது. அந்தத் தரத்தின் முதல் நிலை அதைத்தான் அனுமதித்தது.

உண்மையான தொல்லை பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்தில் வருகிறது. சிடியில் கோப்புப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உலாவியில் திறக்கும் பட்டியல் பக்கத்தில் இணைப்புகள் சிறிய எழுத்தில் இருக்கும். விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸில் ஒரு இணைப்பும் திறக்காது. சிடியை ஏற்றும்போது பெயர்களைச் சிறிய எழுத்தாக மாற்றும் விருப்பத்தைக் கொடுங்கள், சரியாகிவிடும். கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பழைய டாஸ் கணினியில் சிடி டிரைவே தெரியவில்லை

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்குச் சிடி என்றால் என்னவென்று பிறவியில் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்: கான்ஃபிக் கோப்பில் டிரைவின் டிரைவர், ஆட்டோஎக்ஸெக் கோப்பில் சிடிக்கு டிரைவ் எழுத்து தரும் எம்எஸ்சிடிஎக்ஸ் நிரல். இரண்டிலும் ஒரே அடையாளப் பெயர் இருக்க வேண்டும். ஒன்றில் இறுதி எண் 001, மற்றதில் 000 என்று இருந்தால்கூட "சரியான சிடிராம் டிரைவர் இல்லை" என்ற செய்திதான் வரும். டிரைவ் எழுத்து போதாமல் போனால் லாஸ்ட்டிரைவ் வரியை உயர்த்துங்கள். பிழை எண் 101 வந்தால் சிடி தயாராக இல்லை. துடைத்துப் பாருங்கள், மூடியைச் சரியாக மூடுங்கள். பிழை எண் 103 வந்தால் கோப்பு முறைமை டாஸுக்குப் புரியவில்லை. "அடையாளம் தெரியாத வடிவம்" பகுதிக்குத் திரும்புங்கள்.

ஜிப் திறக்கிறது, உள்ளே பெயர்கள் தெரிகின்றன, பிரித்தெடுத்தால் பிழை

இந்த அறிகுறியில்தான் நல்ல ஜிப்கள் குப்பைக்குப் போகின்றன. பட்டியல் தெரிகிறது, அளவு தெரிகிறது, தேதி தெரிகிறது. பிரிக்கச் சொன்னால் மறுக்கிறது. பார்ப்பவர் பழுது என்று முடிவு கட்டி நீக்கிவிடுகிறார்.

அந்த ஜிப்பை ஹெக்ஸ் கருவியில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு பைட்டுகள் பி, கே. ஜிப் வடிவத்தை 1989-இல் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள். அங்கிருந்து எண்ணி ஒன்பதாவது பைட்டுக்கு வாருங்கள். அங்கே 8 இருந்தால் டிஃப்ளேட் முறை. இன்றைய எல்லாக் கருவிகளும் பிரிக்கும். 6 இருந்தால் இம்ப்ளோட், 1 இருந்தால் ஷ்ரிங்க். காட்ஸின் ஜிப் நிரலான பிகேஜிப்பின் 1.x பதிப்புகள் இந்த இரண்டையும்தான் பயன்படுத்தின. 1993-இல் 2.04ஜி பதிப்பு பரவிய பிறகு டிஃப்ளேட் நிலைத்தது, பழையவை வழக்கொழிந்தன. இன்றைய கணினிகளோடு வரும் ஜிப் வசதிகள் பல, இம்ப்ளோட் முறையைக் கண்டால் கைவிரித்துவிடும். ஜிப்பில் குறையில்லை. செவன்-ஜிப் அல்லது இன்ஃபோ-ஜிப்பின் அன்ஜிப் கட்டளையில் போடுங்கள், பிரிந்துவிடும்.

ஜிப் என்றே ஒப்புக்கொள்ளாவிட்டால் வால் துண்டிக்கப்பட்டிருக்கலாம். ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் இறுதியில் இருக்கிறது. கடைசிப் பிரிவு மட்டும் சிடியில் படிக்கப்படாமல் போனால், முன்னால் இருக்கும் சரக்கு முழுசாக இருந்தும் கருவி திறக்காது. இன்ஃபோ-ஜிப்பில் பழுதுபார்க்கும் கட்டளை உண்டு; முன்னிருந்து ஒவ்வொரு கோப்பாகத் தேடி அது பட்டியலைத் திரும்பக் கட்டித் தரும். அதைப் பிரதியின் மேல் செய்யுங்கள்.

ஆர்க், ஜூ, ஏஆர்ஜே, எல்இஸட்எச் என்று முடியும் கோப்புகளும் இந்தச் சிடிகளில் சகஜம். அன்ஆர் என்ற கருவி இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரிக்கும். தானே பிரியும் எக்ஸி கோப்பையும் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. அதற்குள் இருப்பது பெரும்பாலும் இந்தத் தொகுப்புகளில் ஒன்றுதான், செவன்-ஜிப்பில் நேராகத் திறக்கலாம்.

டாஸில் பிகேஅன்ஜிப் கொண்டு பிரித்த பிறகு நிரல் தன் கோப்புகளைக் காணவில்லை என்று புலம்பினால், மைனஸ் டி விருப்பத்தை விட்டுவிட்டீர்கள். அது இல்லாவிட்டால் உட்கோப்புறைகள் உருவாகாது. எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்கும்.

ஆவணத்தில் கோடுகளுக்குப் பதில் குப்பை எழுத்துகள்

தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ஏ எழுத்து வரிசையாக நாற்பது, ஐம்பது முறை வருகிறதா? பக்கவாட்டில் சிறிய 3 என்ற எண் அடுக்காக இறங்குகிறதா? அங்கே ஆசிரியர் ஒரு கட்டம் வரைந்திருக்கிறார். ஐபிஎம்மின் 437 குறிமுறைப் பக்கத்தில் அவை கிடைக்கோடும் செங்குத்துக் கோடும். உரைத் திருத்தியில் குறிமுறையை 437-க்கு மாற்றிப் பாருங்கள், கட்டம் கச்சிதமாக எழுந்து நிற்கும். மாற்றிச் சேமிக்காதீர்கள், பார்த்துவிட்டு மூடுங்கள்.

நிரல் ஓட மறுக்கிறது

64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது. எந்த இணக்க அமைப்பைத் தட்டினாலும் ஓடாது. அந்த முயற்சியில் மாலைப்பொழுதைத் தொலைக்க வேண்டாம். டாஸ் நிரல் என்றால் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர். விண்டோஸ் 3.1 காலத்து நிரல் என்றால் டாஸ்பாக்ஸுக்குள் அந்த விண்டோஸையே நிறுவலாம், அல்லது ஓடிவிடிஎம் என்ற இடைநிலைக் கருவியை முயலலாம். சில நேரம் நிரல் 32 பிட்டாகவும் அதை நிறுவும் கோப்பு மட்டும் 16 பிட்டாகவும் இருக்கும். அப்போது நிறுவியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கோப்புகளை நேராகப் பிரித்தெடுத்து ஓட்டிப் பாருங்கள்.

"இயக்கப் பிழை 200" என்று வந்தால் நிரலை டர்போ பாஸ்கலில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அதன் சிஆர்டி தொகுதி தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்கும். 55 மில்லி நொடியில் ஒரு வெற்றுச் சுற்று எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். பதில் 16 பிட்டில் அடங்க வேண்டும். வேகமான கணினியில் அடங்காது. செயலி அதைப் பூஜ்ஜியத்தால் வகுத்த பிழையாகவே எடுத்துக்கொண்டு நிரலை நிறுத்திவிடும். டாஸ்பாக்ஸில் சைக்கிள் எண்ணிக்கையைக் குறைத்தால் பிழை மறையும். வேகமாக ஓடித் தொலையும் விளையாட்டுகளுக்கும் அதே மருந்துதான்.

"சுருக்கப்பட்ட கோப்பு பழுது" என்ற செய்தி இன்னும் மோசமாக ஏமாற்றும். கோப்பில் ஒரு பழுதும் இருக்காது. எக்ஸிபேக் முறையில் சுருக்கிய நிரல்களின் விரிப்புப் பகுதி, நினைவகத்தின் முதல் 64 கிலோபைட்டுக்குள் ஏற்றப்பட்டால் தடுமாறும். நினைவகம் தாராளமாக இருப்பதால் வரும் பிழை இது! நிரலின் பெயருக்கு முன் லோட்ஃபிக்ஸ் கட்டளையைச் சேர்த்து ஓட்டுங்கள். அது முதல் 64 கிலோபைட்டை அடைத்துவிட்டு நிரலை மேலே தள்ளும்.

விபிரன்300 என்ற டிஎல்எல் இல்லை என்றால் விஷுவல் பேசிக் 3-இன் இயக்கக் கோப்பு தேவை. அதே சிடியில் அது தனி ஜிப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதலில் அங்கே தேடுங்கள். 256 நிறம் வேண்டும் என்று அடம்பிடித்தால் விண்டோஸின் இணக்க அமைப்பில் 8 பிட் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவியாயிற்று, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை

பழைய விண்டோஸில் சிடியிலிருந்து இழுத்துப் போட்ட கோப்புகள் "படிக்க மட்டும்" என்ற முத்திரையோடுதான் வந்து சேரும். நிரல் தன் அமைப்புக் கோப்பில் எழுதப் போய் முட்டிக்கொள்ளும். அட்ரிப் கட்டளையில் மைனஸ் ஆர் கொடுத்து, உட்கோப்புறைகளையும் சேர்த்து முத்திரையை நீக்குங்கள்.

650 மெகாபைட் சிடியை ஒரு கிகாபைட் காலியிடத்தில் கொட்டியும் இடம் போதவில்லையா? ஃபேட்16 என்ற பழைய கோப்பு முறைமையில் வடிவமைத்த 2 கிகாபைட் பகுதியில் ஒரு கிளஸ்டர் (கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம்) 32 கிலோபைட். ஒரு கிலோபைட் கோப்பும் 32 கிலோபைட்டை விழுங்கும். பிரித்த கோப்புகளைக் கொட்டாமல் ஜிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் எதிர்ப்பு நிரல் கூச்சலிடுகிறது

பொய் அலறலாக இருக்கலாம். அக்கால நிரல்கள் விநோதமான சுருக்கிகளில் பொதியப்பட்டவை. அதைக் கண்டாலே இன்றைய ஸ்கேனர்கள் மிரளும். நிஜமாகவும் இருக்கலாம். 1995-இல் பிகேஜிப் 3.00பி என்ற பெயரில் ஒரு போலி உலாவியது; ஃபில் காட்ஸின் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை. அது ஒரு ட்ரோஜன், அதாவது நல்ல நிரல் வேடம் போட்ட தீய நிரல். சிடி உறையில் "வைரஸ் சோதனை செய்யப்பட்டது" என்று அச்சிட்டிருப்பதை அந்த ஆண்டின் ஸ்கேனர் தந்த நற்சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்த உபயோகத்துக்கு என்றால் எமுலேட்டருக்குள் ஓட்டலாம். பிறருக்குக் கொடுப்பதானால் சந்தேகம் தீராத ஜிப்பை முழுதாக விலக்கிவிடுங்கள். ஸ்கேனர் "சுத்தம்" செய்து தருகிறேன் என்று சொல்லும், ஏற்காதீர்கள். ஏன் என்பது கடைசிப் பகுதியில் வருகிறது.

"காலம் முடிந்தது, பதிவு செய்யுங்கள்"

இது பிழையே இல்லை. சிடிக்குக் கொடுத்த காசு வட்டுக்கும் அதைத் தொகுத்த உழைப்புக்கும்தான்; மென்பொருளுக்குப் போய்ச் சேரவில்லை. முயன்று பார்க்கக் கொடுத்தார்கள், பிடித்தால் ஆசிரியருக்குப் பணம் அனுப்பச் சொன்னார்கள். 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மனின் பிசி-டாக்கும் ஜிம் நாப்ஃப் எழுதிய பிசி-ஃபைலும் அப்படித்தான் புறப்பட்டன. பாப் வாலஸின் பிசி-ரைட் இன்னும் ஒரு படி போனது. வட்டு 10 டாலர், பதிவு 75 டாலர். உங்கள் பிரதியிலிருந்து நகலெடுத்த ஒருவர் பதிவு செய்தால் உங்களுக்கே 25 டாலர் வரும். நகலெடுப்பவரை விற்பனையாளராக்கிய கெட்டிக்காரத்தனம் அது.

இன்று பதிவு முகவரிக்கு எழுதினால் கடிதம் திரும்பி வரலாம். ஆசிரியரின் பெயரைத் தேடிப் பாருங்கள். பலர் தங்கள் பழைய நிரல்களை இலவசமாக்கிவிட்டார்கள். அப்போஜி நிறுவனத்தின் க்ரோஸ் விளையாட்டு வரிசை 2009-இல் மூலநிரலோடு ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளிவந்தது. யாரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நிரல் பதிவாகாமலேதான் இருக்கும். திருட்டுப் பதிவெண்ணைத் தேடிப் போவதை இந்த வழிமுறையில் எதிர்பார்க்காதீர்கள்.

நான் எழுதிக் கொடுத்த சிடி மற்றவரிடம் திறக்கவில்லை

சிடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு தெரிகிறது என்றால், படிமத்தைப் படிமமாக எழுதாமல் சாதாரணக் கோப்பாக எழுதிவிட்டீர்கள். எழுதும் நிரலில் "படிமத்தை எழுது" என்ற விருப்பத்தைத் தேடுங்கள். உங்கள் கணினியில் மட்டும் திறக்கிறது, மற்றவரிடம் திறக்கவில்லை என்றால் எழுதிய பின் வட்டை "ஃபைனலைஸ்" செய்து மூடி முடிக்கவில்லை.

வாங்கியவரிடம் இருப்பது பழைய டிரைவா என்று கேளுங்கள். அச்சடித்த சிடியில் 70 சதவீத ஒளி திரும்பும். திரும்ப எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூவில் 15 முதல் 25 சதவீதம்தான். பழைய டிரைவ் அதைக் காலி என்றே நினைக்கும். சிடி-ஆரில், முடிந்தால் 74 நிமிட வட்டில், குறைந்த வேகத்தில் எழுதிக் கொடுங்கள்.

பெயர்கள் வெட்டுப்பட்டால் நீண்ட பெயர்களை அனுமதிக்கும் ஜோலியட் நீட்டிப்பைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அதிலும் 64 எழுத்துக்கு மேல் போகாது. டாஸில் படிக்க வேண்டிய சிடி என்றால் எட்டும் மூன்றுமான பெயர், கோப்புறை ஆழம் எட்டுக்குள் என்ற பழைய விதியையே பின்பற்றுங்கள். சிடியின் வேர்க்கோப்புறையில் எல்லாக் கோப்புகளின் ஷா-256 எண்களையும் (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டால், "திறக்கவில்லை" என்று யாராவது சொல்லும்போது சிடியில் தப்பா, அவர் கணினியில் தப்பா என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆசிரியரிடமிருந்து புகார் வருகிறது

ஜிப்பைத் திறந்து வெண்டார் என்ற பெயரில் ஒரு ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். சிஸாப் என்ற பெயரிலும் இருக்கும். இல்லாவிட்டால் ரீட்மீயின் இறுதிப் பகுதி. விநியோகிப்பவருக்கான நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். வழக்கமாக வருபவை இவை: எல்லாக் கோப்புகளும் மாற்றமின்றி ஒன்றாக இருக்க வேண்டும், பிரதிக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது, இது ஷேர்வேர், பதிவுக் கட்டணம் தனி என்று வாங்குபவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். நண்பருக்கு ஒரு பிரதி கொடுக்கத் தாராளமாக அனுமதித்துவிட்டு, சிடியில் சேர்த்து விற்க மட்டும் எழுத்துமூல அனுமதி கேட்பவர்கள் நிறைய. ஆவணமே இல்லை என்றால் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது.

இப்போது ஸ்கேனர் விஷயம். ஒரு கோப்பைச் "சுத்தம்" செய்தாலோ, ஜிப்பைப் பிரித்துப் புதிய முறையில் சுருக்கினாலோ, உங்கள் விளம்பரத்தை உள்ளே நுழைத்தாலோ அது ஆசிரியர் கொடுத்த பொதி இல்லை. பிகேஜிப்பில் சில ஆசிரியர்கள் வைத்த நம்பகத்தன்மை முத்திரையும் மறுபடி சுருக்கியதும் போய்விடும். இம்ப்ளோட் ஜிப்களை "எல்லோருக்கும் திறக்கட்டும்" என்று டிஃப்ளேட்டுக்கு மாற்றித் தருவது நல்லெண்ணத்தில் செய்யும் வேலைதான். ஆனால் பழைய ஜிப்பைத் தொடாமல் வைத்து, அதைப் பிரிக்கும் கருவியைச் சிடியில் சேர்ப்பது அதைவிடச் சுலபம். விவரம் சேர்க்க வேண்டுமானால் ஜிப்புக்கு வெளியே எழுதுங்கள். பெரும்பாலான ஜிப்களுக்குள் ஃபைல்-ஐடி.டிஸ் என்ற சிறு விவரக் கோப்பை ஆசிரியரே வைத்திருப்பார்; வரிக்கு 45 எழுத்து, பத்து வரிக்குள். உங்கள் பட்டியலை அதிலிருந்தே கட்டலாம்.

பதிவு செய்தவர்களுக்கான கோப்பு தவறிக் கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1993-இல் வந்த டூம் விளையாட்டு நல்ல உதாரணம். முதல் அத்தியாயம் மட்டுமே ஷேர்வேர். அதன் தகவல் கோப்பு டூம்1 என்ற பெயரில் இருக்கும், 1.9 பதிப்பில் 4,196,020 பைட். பெயரில் 1 இல்லாமல், அளவில் இரண்டரை மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தால் அது விலைக்கு விற்ற பதிப்பு. டூமின் மூலநிரல் பிற்பாடு ஜிபிஎல் உரிமத்துக்கு வந்ததைக் காட்டி அந்தத் தகவல் கோப்பையும் பரப்புகிறவர்கள் உண்டு. மூலநிரலோடு விளையாட்டின் படங்களும் வரைபடங்களும் விடுவிக்கப்படவில்லை.

ஏற்கெனவே வெளிவந்த தொகுப்பு சிடியை முழுதாகப் பிரதியெடுத்து விநியோகிக்க நினைத்தால் இன்னொருவரின் உரிமையும் குறுக்கே வரும். உள்ளே இருக்கும் ஜிப்கள் ஆசிரியர்களுடையவை. ஆனால் மெனு நிரல், விவரப் பட்டியல், அடுக்கிய ஒழுங்கு ஆகியவை தொகுத்தவருடையவை. ஜிப்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் நிபந்தனையையும் படித்து, பட்டியலை நீங்களே புதிதாக எழுதுங்கள். ஒரு ஆசிரியர் தன் நிரலை நீக்கச் சொன்னால், அடுத்த பிரதியை எழுதுவதற்கு முன் அந்த ஜிப்பையும், பட்டியலில் அதன் வரியையும், ஷா-256 பட்டியலில் அதன் எண்ணையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.